காப் எடை ஆடுகிறதா? ட்யூப் சக்கரத்தை விடுங்கள், ஃபோர்ஹார்த் பக்கம் போங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆர்.கே. புரம் மலை மந்திரில் தரிசனம் முடித்து இறங்கிவந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அண்ணா, எடை நிக்கவே மாட்டேங்குது. ராத்திரி பூரா ட்யூபை ஏத்துறேன், இறக்குறேன், ஏத்துறேன்..." பேசியது திண்டுக்கல் பக்கத்துத் தம்பி ஒருவர். டிப்ளமோ முடித்துவிட்டு டெல்லிக்கு வெளியே ஒரு பாட்டில் ஆலையில் ஹாட் எண்டில் (உருகிய கண்ணாடியைப் பாட்டிலாக்கும் பக்கம்) சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் சொன்னது காப்பின் எடையை; ஒரு பாட்டிலுக்காக வெட்டி விழவைக்கும் உருகிய கண்ணாடித் துண்டுதான் காப். அதன் எடையை ஏற்றி இறக்கும் உருளைதான் ட்யூப். இந்தக் கேள்வியை இந்த வருஷத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் முழுசாக எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. உங்கள் ஊர் ஆலைக்கும் இது பொருந்தும், ஆனால் நான் பார்த்ததெல்லாம் டெல்லிக் குளிரிலும் டெல்லி வெயிலிலும் ஓடிய ஃபோர்ஹார்த்துகள் (உலையிலிருந்து கண்ணாடி நடந்துவரும் வாய்க்கால்கள்) என்பதால் அதை ஒட்டியே பேசுவேன்.

முதலில் ஒரு கணக்கு. 200 கிராம் பாட்டில், நிமிஷத்துக்கு 160 வீதம் ஓடும் ஒரு லைன். ஒரு நாளைக்கு 2,30,400 பாட்டில், கண்ணாடி சுமார் 46 டன். இதில் காப் எடை ஒரே ஒரு கிராம் கூடுதலாக ஓடினால் நாளைக்கு 230 கிலோ கண்ணாடி சும்மா போகிறது, அதாவது 1,150 பாட்டிலுக்கான கண்ணாடி. எடை குறைந்தால் சுவர் மெலிந்து, கழுத்து நிரம்பாமல், கோல்டு எண்டில் (ஆறிய பாட்டிலைச் சோதிக்கும் பக்கம்) கழித்துவிடுவார்கள். இது பரவாயில்லை, எடை கூடக்குறைய இருப்பதைத் தராசு காட்டிவிடும். தராசு காட்டாத நஷ்டம் இன்னொன்று இருக்கிறது: எடை சரியாக 200 இருக்கும், ஆனால் காப்பின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருக்கும். ஊதும்போது சூடான பக்கம் அதிகம் இழுபட்டு மெலிந்துவிடும், குளிர்ந்த பக்கம் தடியாக நிற்கும். அந்தப் பாட்டில் போய் உடைவது உங்கள் ஆலையில் இல்லை, வாங்கியவருடைய நிரப்பும் லைனில்.

ஆகவே ஃபீடிங்கை, அதாவது இயந்திரத்துக்குக் காப் கொடுப்பதை, மேம்படுத்துவது என்றால் எடையை நிறுத்துவது மட்டும் இல்லை. ஒரே எடை, ஒரே வடிவம், உள்ளும் புறமும் ஒரே சூடு, இவை மூன்றும் ஒவ்வொரு வெட்டிலும் வரவேண்டும்.

வீட்டில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பதம் தாண்டிய பாகை எந்தக் கரண்டியில் எடுத்து ஊற்றினாலும் அதிரசம் சரியாக வராது. கண்ணாடியும் பதம்தான். சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி உலையில் 1,500 டிகிரிக்கு மேல் உருகி, த்ரோட் என்கிற குறுகிய வழியாக ஒர்க்கிங் எண்டுக்கு (உலையை அடுத்த தொட்டி) வந்து, அங்கிருந்து ஃபோர்ஹார்த் என்கிற நீளமான வாய்க்காலில் நடந்து, அதன் முனையிலுள்ள கிண்ணமான ஸ்பௌட்டை அடையும்போது ஏறக்குறைய 1,100 முதல் 1,200 டிகிரிக்குள் இருக்கும்; பெரிய பாட்டிலுக்குக் கீழ்ப்பக்கம், சின்னப் பாட்டிலுக்கு மேல்பக்கம். அந்த எல்லையில் ஒரு டிகிரி மாறினால் பாகுத்தன்மை ஒரு சதவீதத்துக்கு மேல் மாறும். பத்து டிகிரி இறங்கினால் பன்னிரண்டு, பதிமூன்று சதவீதம் கெட்டியாகிவிடும். அதே துளை, அதே நீடில் (கண்ணாடியைத் துளை வழியாகத் தள்ளும் தண்டு), அதே வேகம், ஆனால் வரத்து குறையும். நீங்கள் ட்யூபை ஏற்றுவீர்கள். எடை வந்துவிடும். பதம் வந்துவிட்டதா? இல்லை. அடுத்த அரைமணியில் கண்ணாடி பழைய சூட்டுக்குத் திரும்பும்போது எடை எகிறும், மறுபடி இறக்குவீர்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

ட்யூப், நீடில், துளை, கத்தரி எல்லாம் சேர்ந்த இந்த ஃபீடர் வருவதற்கு முன்னால் எப்படி ஓட்டினார்கள் என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரிந்தால் ஃபீடர் மேல் தனி மரியாதை வரும். 1903-இல் மைக்கேல் ஓவன்ஸ் கொண்டுவந்த இயந்திரம் சுழலும் தொட்டியிலிருந்து கண்ணாடியை மோல்டுக்குள் உறிஞ்சி எடுத்தது. துளை வழியாக விழவைத்து, கத்தரியால் வெட்டி, காப்பாகக் கொடுப்பது அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் கார்ல் பெய்லர் போன்றவர்கள் உழைத்து உருவாக்கியது, 1920-களில் ஐ.எஸ். மெஷின் (பல செக்‌ஷன்களாகப் பாட்டில் ஊதும் இயந்திரம்) வந்ததும் இரண்டும் ஜோடி சேர்ந்துகொண்டன. நூறு வருஷமாக அடிப்படை மாறவில்லை. சர்வோ மோட்டார் வந்திருக்கிறது, கேமரா வந்திருக்கிறது, பதம் பார்க்கும் வேலை அப்படியே இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். எடை ஆடினால் முதலில் செய்யவேண்டியது எதையும் தொடாமல் எழுதுவது. இரண்டு மணி நேரம், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, ஒரே செக்‌ஷனிலிருந்து பாட்டில் எடுத்து 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்து எழுதுங்கள். டபுள் காப் (ஒரே வெட்டில் இரண்டு காப்) என்றால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாக எழுதவேண்டும், சராசரி போடக்கூடாது. பக்கத்திலேயே உலை ரிவர்சல் ஆன (நெருப்பு பக்கம் மாறிய) நேரம், ஃபோர்ஹார்த் மண்டலங்களின் வெப்பநிலை, கண்ணாடி மட்டம், கேஸ் பிரஷர், கதவு திறந்தது, பக்கத்து லைனில் ஜாப் சேஞ்ச் (வேறு பாட்டிலுக்கு மாறுவது) நடந்தது, எல்லாம். ஆட்டோமேட்டிக்காகக் கம்ப்யூட்டரில் ஏறுகிறது என்று சொல்வீர்கள். ஏறட்டும், நீங்களும் எழுதுங்கள், கதவு திறந்ததைக் கம்ப்யூட்டர் எழுதாது.

எழுதியதை ஒரு கோடாக வரைந்தால் வியாதி தானாகவே பேச ஆரம்பிக்கும். ரீஜெனரேட்டிவ் உலை என்றால் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை போல நெருப்பு பக்கம் மாறும். எடையும் அதே இருபது நிமிஷத் தாளத்தில் ஏறி இறங்கினால் கோளாறு உங்கள் ஃபீடரில் இல்லை, உலையிலோ ஒர்க்கிங் எண்டிலோ கிளம்பும் அலை ஃபோர்ஹார்த்தில் அடங்காமல் கடைசிவரை வந்துசேர்கிறது. பேட்ச் சார்ஜர் உலைக்குள் மூலப்பொருளைப் போட்டுப்போட்டு நிறுத்தும் தாளத்தோடு ஒத்துப்போனால் கண்ணாடி மட்டத்தைப் பாருங்கள். மட்டம் ஆடினால் ஸ்பௌட்டில் கண்ணாடியின் தலைப்பாரம் ஆடும், பாரம் ஆடினால் வரத்து ஆடும். ஒரு பக்கக் காப் மட்டும் மாறி மறுபக்கம் அசையாமல் நின்றால் நீடில், ஆரிஃபிஸ் ரிங் (காப் விழும் துளையின் வளையம்), அல்லது ஸ்பௌட்டில் இட வலச் சூட்டு வித்தியாசம். தாளமே இல்லாமல் வெட்டுக்கு வெட்டு குதித்தால் இயந்திரத்தில் ஆட்டம்: நீடில் பிடிப்பு தளர்ந்திருக்கும், ஷியர் (கத்தரி) நேரம் தவறும். பக்கத்து லைன் நின்றபோதெல்லாம் உங்கள் எடை நகர்ந்தால், ஒர்க்கிங் எண்டில் இழுப்பு மாறி உங்கள் வாய்க்காலுக்குள் நுழையும் கண்ணாடியின் சூடே மாறியிருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் ஜாப் மாற்றுவதற்கு அரைமணி முன்னால் உங்களுக்குச் சொல்லும் பழக்கத்தை உண்டாக்கிவிடுங்கள், அதற்குச் செலவே இல்லை.

இப்போது ஃபோர்ஹார்த். இங்கேதான் அதிகம் நிற்கப்போகிறேன்.

வாய்க்காலில் ஓடும் கண்ணாடியில் நடுப்பகுதி சூடு, இரண்டு ஓரமும் சுவரை ஒட்டிக் குளிர்ச்சி. அதனால்தான் ஓரத்தில் வரிசையாகச் சின்ன பர்னர்கள், நடுவில் கூலிங் ஏர். முன்பகுதி கூலிங் மண்டலம், கடைசிப் பகுதி ஈக்வலைசிங் மண்டலம். சூட்டை இறக்குவதெல்லாம் முன்பகுதியிலேயே முடிந்துவிட வேண்டும். கடைசிப் பகுதியில் கண்ணாடி சும்மா நடந்து தனக்குள் சமமாகிக்கொள்ள விடவேண்டும். உங்கள் ஈக்வலைசிங் மண்டலத்தின் பர்னர் வால்வு எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள். எண்பது, தொண்ணூறு என்று காட்டினால் முன்னால் அதிகமாகக் குளிரவைத்துவிட்டுப் பின்னால் அவசரமாகச் சூடேற்றுகிறீர்கள். மேல்பரப்பு சூடாகும், அடி குளிர்ந்தே இருக்கும், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் மேல்பரப்பில் இருந்தால் திரையில் எண் அழகாக நிற்கும். பாட்டில் அழகாக இருக்காது.

அதனால்தான் ஒன்பது புள்ளி அளவை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். ஈக்வலைசிங் மண்டலத்தின் முடிவில், இடம், நடு, வலம் என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என்று மூன்று ஆழத்தில் அளவெடுப்பது. மூன்று ஆழத்தையும் ஒரே உறையில் காட்டும் பிளாட்டினம் தெர்மோகப்பிள்கள் மூன்று நிரந்தரமாக இருந்தால் சௌகரியம், பல ஆலைகளில் நடுவில் ஒன்று மட்டும்தான் இருக்கும், ஓரத்துக்கு எடுத்துப்போட்டு அளக்கவேண்டும்.

என் பழைய நோட்டிலிருந்து ஒரு பக்கம் தருகிறேன். இடது: மேல் 1,148, நடு 1,145, அடி 1,136. நடுவரிசை: 1,156, 1,155, 1,147. வலது: 1,155, 1,152, 1,144. திரையில் தெரிந்தது நடுவரிசை மேல் 1,156 மட்டும், செட் பாயின்டும் அதுதான், எல்லாரும் நிம்மதியாக இருந்தோம். ஆனால் அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 20 டிகிரி. இடது ஓரம் முழுக்க வலதைவிட ஏழெட்டு டிகிரி குறைவு. முன்காப்பும் பின்காப்பும் எடையில் சேராமல் மூன்று வாரமாக நீடிலை மாற்றி மாற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இந்த ஒன்பது எண்ணைப் பார்த்த பிறகு இடதுபக்க பர்னர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரண்டு பர்னர் நாசிலில் பாதிக்கு மேல் அடைப்பு. ஒரு டிரில் பிட்டைக் கையால் திருகிச் சுத்தம் செய்ய ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் மறுபடி அளந்தோம்: இடமும் வலமும் இரண்டு டிகிரிக்குள் வந்துவிட்டன. மூன்று வாரம் நாங்கள் தூக்கிப்போட்ட பாட்டில்களை நினைத்தால் இன்றும் வயிற்றெரிச்சல்தான்.

ஒன்பது புள்ளிக்குள் வித்தியாசம் ஆறு, ஏழு டிகிரிக்குள் இருந்தால் நான் ஃபீடர் பக்கம் திரும்புவேன். அதற்கு மேல் இருந்தால் ஃபீடரைத் தொட மாட்டேன். இது என் கணக்கு; சின்ன மருந்து பாட்டிலுக்கு இதைவிட இறுக்கமாகவும் பிடிக்கலாம்.

இட வல வித்தியாசத்துக்குப் பர்னர் அடைப்பு, ஒரு பக்கக் கேஸ் லைனில் பிரஷர் குறைவு, கூலிங் ஏர் நடுவில் விழாமல் ஒரு பக்கமாகச் சாய்வது, வெளிக்காற்று ஆகியவை காரணமாக இருக்கும். மேல் கீழ் வித்தியாசம் வேறு விஷயம். நிறமில்லாத ஃபிளின்ட் கண்ணாடியில் வெப்பக்கதிர் அடிவரை ஊடுருவும், ஆகவே அடியின் இன்சுலேஷன் நன்றாக இருந்தால் மேலும் கீழும் சீக்கிரம் சமமாகும். பழுப்பு, பச்சைக் கண்ணாடியில் கதிரை மேல்பரப்பே விழுங்கிவிடும், அடி பட்டினி கிடக்கும். பழுப்பு ஓட்டும்போது ஃபிளின்டின் செட் பாயின்டை அப்படியே வைத்துக்கொண்டு எடை நிற்கவில்லை என்று புலம்புவதில் நியாயமே இல்லை. அங்கே முன்மண்டலத்திலேயே மெதுவாகச் சூட்டை இறக்குங்கள், ஃபோர்ஹார்த்தில் மாலிப்டினம் எலக்ட்ரோடு இருந்தால் அடிக்குக் கொஞ்சம் மின்சாரச் சூடு கொடுங்கள், எலக்ட்ரோடு இல்லையென்றால் இழுப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

உள் அழுத்தத்தையும் பாருங்கள். ஃபோர்ஹார்த் உள்ளே லேசாக நேர் அழுத்தம் இருக்கவேண்டும். பார்வைத் துளையருகே சின்னதாக ஒரு நெருப்பு நாக்கு வெளியே எட்டிப்பார்த்தால் சரி. நாக்கு உள்ளே இழுத்தால் வெளிக்காற்றும் உள்ளே போகிறது, டாம்பரை (புகைவழி மூடியை) கொஞ்சம் மூடுங்கள். நீளமாக வெளியே அடித்தால் கேஸ் வீணாவதோடு பக்கத்தில் இருக்கும் இரும்பும் வேகும்.

அப்புறம் டெல்லி. சென்னையிலோ புதுச்சேரியிலோ வேலை பார்த்துவிட்டு இங்கே வருபவர்கள் இதைக் கணக்கில் வைப்பதே இல்லை. ஜனவரி விடியற்காலை 5 டிகிரி, மே மாத மதியம் 43 டிகிரி. பர்னருக்குப் போகும் காற்றை ப்ளோயர் கன அளவில்தான் தள்ளுகிறது. 43 டிகிரிக் காற்று 5 டிகிரிக் காற்றைவிடச் சுமார் பன்னிரண்டு சதவீதம் லேசானது. கோடையில் சரிசெய்த கேஸ்-காற்று விகிதத்தைக் குளிர்காலத்தில் தொடாமல் விட்டால் அதே வால்வு நிலையில் ஆக்சிஜன் அதிகமாகப் போகும், நெருப்பு குட்டையாகி நிறம் மாறும், சூடு விழும் இடம் மாறும். கூலிங் ஏர் தனியாக, அதுவும் ஐஸ் மாதிரி. கன்ட்ரோலர் நடுவரிசைத் தெர்மோகப்பிளைப் பார்த்துச் சமாளித்துவிடும். ஓரங்களை அது பார்ப்பதில்லை. நவம்பர் ஆரம்பத்தில் ஒருமுறை, மார்ச் கடைசியில் ஒருமுறை, விகிதத்தைப் புகைவாயு மீட்டர் வைத்தோ மிக்ஸரில் ஆக்சிஜன் பார்த்தோ சரிசெய்வதை ஒரு சடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைத் தீபாவளி முடிந்த வாரம் செய்துவிடுவேன். இன்னொன்று: 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லியைச் சுற்றிய மாநிலங்களில் ஃபர்னஸ் ஆயிலையும் பெட்கோக்கையும் தடைசெய்த பிறகு இந்தப் பக்கம் குழாய் வழி இயற்கை எரிவாயுவின் பயன்பாடு பெருகியது. உங்கள் ஃபோர்ஹார்த் முன்பு எல்.பி.ஜி.யில் ஓடியதா என்று பழைய ஆட்களிடம் விசாரியுங்கள். புரோபேன் ஒரு பங்கு எரியக் காற்று ஏறக்குறைய 24 பங்கு வேண்டும், மீத்தேனுக்கு 9.5 பங்கு போதும். மிக்ஸரை மாற்றாமல், நாசில் அளவை மாற்றாமல், குழாயை மட்டும் மாற்றி இணைத்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே நெருப்பு ஒருநாளும் ஒழுங்காக நிற்காது.

எதை மாற்றினாலும் எவ்வளவு நேரம் காத்திருப்பது? இதற்கும் கணக்கு இருக்கிறது, உங்கள் வாய்க்காலுக்கு நீங்களே போடுங்கள். அகலம் 90 செ.மீ., கண்ணாடி ஆழம் 15 செ.மீ., நீளம் 6 மீட்டர் என்றால் 0.81 கன மீட்டர், சூடான கண்ணாடி கிட்டத்தட்ட 1.9 டன். 46 டன் லைன் மணிக்கு 1.9 டன் இழுக்கிறது. ஆக, வாய்க்காலுக்குள் நுழைந்த கண்ணாடி வெளியே வரச் சராசரியாக ஒரு மணி நேரம், நடுவில் ஓடுவது அதற்கு முன்னால், ஓரத்திலும் அடியிலும் ஊர்வது அதற்குப் பின்னால். முன்மண்டலத்தில் இரண்டு டிகிரி மாற்றினீர்கள் என்றால் ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பத்து நிமிஷத்தில் பலன் தெரியவில்லை என்று இன்னும் இரண்டு டிகிரி, அப்புறம் ட்யூபில் ஒரு திருகு, அப்புறம் நீடிலில் ஒரு திருகு என்று போனால் அடுத்த ஷிஃப்ட்காரர் வரும்போது நான்கு மாற்றமும் ஒன்றாக வந்து விடியும். அவர் உங்களைத் திட்டுவார், அதில் தப்பும் இல்லை. ஒரு மாற்றம், ஒரு காத்திருப்பு, நோட்டில் ஒரு வரி.

கண்ணாடி சமமாக வந்துசேர்ந்துவிட்டதா, இப்போது ஃபீடரைத் தொடலாம். ட்யூப் என்பது ஸ்பௌட் கிண்ணத்துக்குள் தொங்கிச் சுழலும் பீங்கான் உருளை. அதன் கீழ்விளிம்புக்கும் கிண்ணத்தின் தரைக்கும் இடையிலான சந்துதான் எடையின் வாசல். ஏற்றினால் எடை கூடும், இறக்கினால் குறையும். அது சுழல்வதற்குக் காரணம் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் சூட்டு வித்தியாசத்தைக் கலக்கிவிடுவது. சுழற்சி நின்றாலோ, ட்யூப் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் நகர்ந்திருந்தாலோ டபுள் காப்பில் ஒரு பக்கம் கனக்கும். ஷிஃப்ட் ஏறியதும் ட்யூப் சுற்றுகிறதா என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள், பெல்ட் நழுவியது தெரியாமல் ஒரு ராத்திரி ஓட்டிய கதைகள் உண்டு.

நீடில் கீழே வரும்போது கண்ணாடியைத் துளை வழியாகத் தள்ளுகிறது, மேலே போகும்போது வெட்டுப்பட்ட முனையைக் கொஞ்சம் உள்ளே இழுக்கிறது. ஆகவே அது எடையைவிட வடிவத்துக்குத்தான் முக்கியம். நீடிலைத் தாழ்த்தி வைத்தால் துளைக்கு அருகில் வந்து வடிவத்தின் மேல் அதன் பிடி கூடும், வரத்து கொஞ்சம் குறையும். உயர்த்தினால் பிடி தளர்ந்து கண்ணாடி தன் பாரத்தில் ஒழுகும். இரண்டு காப்புக்கும் இடையே ஓரிரு கிராம் வித்தியாசத்தை நீடில்களின் தனித்தனி உயரத்தில் சரிக்கட்டலாம். வித்தியாசம் ஐந்து, ஆறு கிராம் என்றால் நீடிலால் மறைக்காதீர்கள், ரிங் தேய்ந்திருக்கும் அல்லது சூடு சாய்ந்திருக்கும்.

ஆரிஃபிஸ் ரிங் விஷயத்தில் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். காப்பின் குறுக்களவு பிளாங்க் மோல்டின் (முதல் வடிவம் தரும் அச்சின்) வாய்க்குள் உரசாமல் இறங்கவேண்டும். குண்டாக இருந்தால் மோல்டின் விளிம்பில் உரசி மடிப்பு விழும், மெலிந்து நீளமாக இருந்தால் டிரஃபில் (காப் வழுக்கி இறங்கும் சரிவு) வளைந்து, கோணலாக உட்காரும். எடையைத் தொடாமல் காப்பை ஒல்லியாக்க வேண்டுமென்றால் ரிங்கைச் சிறியதாக்கி ட்யூபை ஏற்றவேண்டும், குண்டாக்க வேண்டுமென்றால் ரிங்கைப் பெரிதாக்கி ட்யூபை இறக்கவேண்டும். ஜாப் சேஞ்சில் இரட்டை ரிங்கை மாட்டுமுன் இரண்டு துளையையும் காலிப்பரில் அளந்து எழுதுங்கள். ரிங்கை நன்றாகச் சூடேற்றிய பிறகே மாட்டவேண்டும், பச்சையாக மாட்டினால் விரிசல் விட்டு, ஓட்டம் நடுவில் கண்ணாடியில் கல் (உருகாத துணுக்கு) விழ ஆரம்பிக்கும். மாட்டும்போது முகக்கவசம், கையுறை இல்லாமல் ஸ்பௌட்டின் கீழே யாரும் தலையை நீட்டக்கூடாது. நெருங்கிய ஒருவருடைய தோளில் அந்தத் தழும்பைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

ஷியர் பிளேடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: கூர்மை, லேசான மேலேற்றம், அளவான டென்ஷன், வெட்டும் நேரம். நீடில் கீழே முட்டி மேலே திரும்பத் தொடங்கும் அந்தக் கழுத்து மெலிந்த கணத்தில் வெட்டு விழவேண்டும். ஷியர் ஸ்ப்ரே பனிமாதிரி இருக்கவேண்டும். சொட்டினால் காப்பின் முனை குளிர்ந்து பாட்டிலில் தழும்பாக நிற்கும். தண்ணீரில் எண்ணெய் கலக்கும் விகிதத்தைக் கண் மதிப்பில் விடாதீர்கள்.

வெட்டிய காப் ஸ்கூப், டிரஃப், டிஃப்ளெக்டர் வழியாகச் செக்‌ஷன்களுக்குப் போகிறது. நடுச் செக்‌ஷனுக்குப் பாதை குட்டை, கடைசிச் செக்‌ஷன்களுக்கு நீளம், ஆகவே அங்கே காப் தாமதமாகவும் கொஞ்சம் குளிர்ந்தும் வரும். குறிப்பிட்ட செக்‌ஷனில் மட்டும் கோளாறு என்றால் ஃபீடரைக் குறை சொல்லாமல் அந்த டிரஃபின் பூச்சைப் பாருங்கள். கிராஃபைட் பூச்சு உரிந்த இடத்தில் காப் ஒட்டி இழுபடும். டிஃப்ளெக்டர் மோல்டின் நடுவுக்கு நேராக நிற்கிறதா என்று இயந்திரம் நிற்கும்போது அளவுக்கட்டை வைத்துப் பாருங்கள், ஓடும்போது கண்ணால் பார்த்துத் தட்டிச் சரிசெய்வது நல்ல பழக்கம் இல்லை.

பாட்டிலில் கயிறு போல நரம்பு தெரிந்தால் அது வேறு கண்ணாடி, பெரும்பாலும் சுவர்ச் செங்கல் கரைந்து அடியில் கனமாகத் தங்கியது. சூட்டைக் கூட்டி அதைக் கரைக்கப் பார்க்காதீர்கள், ஸ்டர்ரர் (கலக்கி) இருந்தால் ஓட்டுங்கள், அடி டிரெயின் இருந்தால் திறந்து வடியுங்கள்.

தம்பியின் கதைக்கு வருகிறேன். அவரிடம் இரண்டு ராத்திரி ட்யூபைத் தொடாமல் எழுதச் சொன்னேன். முதல் ராத்திரி ஃபீடர் பக்கத்தில் இருந்த பீகார்க்கார ஆபரேட்டர், இருபது வருஷ சர்வீஸ், "மால் டண்டா ஹை, ட்யூப் உடாவ்" என்று விடாமல் சொல்லியிருக்கிறார். மால் குளிர்ந்திருக்கிறது என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, ட்யூபைத் தூக்கு என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. இரண்டாவது நாள் காலை வாட்ஸ்ஆப்பில் படம் வந்தது, கட்டம் போட்ட தாளில் பேனாவால் வரைந்த இரண்டு கோடு. இருபது நிமிஷ அலை இருந்தது, ஒரு கிராமுக்குள், அதைத்தான் அவர் ராத்திரி முழுக்க ட்யூபால் துரத்தி இரண்டரை கிராம் ஆக்கிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் இன்னொன்று: இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு வரை முன்காப் மட்டும் மெதுவாகச் சரிந்திருந்தது. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார், "கல்லட் லாரி வரும்ணா, ஷட்டரைத் தூக்கி வச்சிருப்பாங்க." கல்லட் என்றால் மறுபடி உருக்கும் உடைந்த கண்ணாடி. ஷட்டருக்கு நேரே ஸ்பௌட். டிசம்பர் கடைசி.

ஸ்பௌட்டுக்கும் ஷட்டருக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு தகர மறைப்பு, ஷட்டரில் தடித்த பிளாஸ்டிக் திரை, அந்தப் பக்க பர்னர்கள் ஆறையும் கழற்றிச் சுத்தம், கேஸ்-காற்று விகிதம் குளிர்காலத்துக்கு மாற்றம். மொத்தம் நான்கு நாள் வேலை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு ஷிஃப்ட் இடைவெளி விட்டு. இருபது நிமிஷ அலை இன்னும் இருக்கிறது, அது ஒர்க்கிங் எண்டில் பார்க்கவேண்டியது, உலை ஆட்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். போன வாரம் அனுப்பிய ராத்திரி ஷிஃப்ட் பக்கத்தில் மூன்று மணிக்கு முன்காப் 200.3, பின்காப் 199.8. ஐந்து மணிக்கு 200.1, 199.9. ட்யூப் என்ற கட்டத்தில் எட்டு மணி நேரத்துக்கும் ஒரே கோடுதான் போட்டிருந்தார்.